உலையில் முடிவாகும் துல்லியம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்னும் ஊரில் அந்நாட்டின் தேசிய அளவியல் நிறுவனம் இருக்கிறது. அதன் வளாகத்தில் 1965-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் இயந்திரம் நிற்கிறது. துருப்பிடிக்காத எஃகில் செய்த 20 பெரிய வட்டத் தட்டுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 22.7 டன். அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கித் தொங்கவிட்டால், கடைசித் தட்டும் ஏறும்போது கிடைக்கும் விசை 4.45 மெகாநியூட்டன், அதாவது பத்து லட்சம் பவுண்டு. நிறைகளை நேரடியாகத் தொங்கவிட்டு விசையை உண்டாக்கும் இயந்திரங்களில் உலகிலேயே பெரியது இதுதான். ராக்கெட் எஞ்சின்களின் உந்துவிசையை அளக்கும் உணரிகள் இங்கே வந்து தம் அளவைச் சரிபார்த்துக்கொள்கின்றன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்தபின், தட்டுகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருப்பது தெரியவந்தது. முழு அடுக்கையும் பிரித்து, செப்பனிட்டு, மறுபடி நிறை பார்த்துச் சேர்த்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டு அந்த இயந்திரம் தரும் விசை, பத்து லட்சத்தில் சில பங்கு அளவுக்கே ஐயத்துக்கு இடமுள்ளது. அந்த விசையை வாங்கிக்கொள்ளும் உணரியின் உள்ளே இருப்பதோ ஓர் எஃகுத் துண்டு. அது அழுந்துகிறது அல்லது நீள்கிறது. எவ்வளவு அழுந்தியது என்பதை மின்சுற்று படித்து எண்ணாகக் காட்டுகிறது. எஃகு சொல்வதைத்தான் சுற்று படிக்க முடியும். எஃகு தவறாகச் சொன்னால், அந்தத் தவறு எத்தனை தசம இடத்துக்கும் அழகாகத் திரையில் வரும்.

விசை உணரியின் தரம் பெரும்பாலும் மின்னணுவியல் அறையில் முடிவாவதில்லை. அதற்கு வெகு முன்பே, எஃகை உலையில் காய்ச்சி, எண்ணெயில் தணித்து, மறுபடி மிதமாகச் சூடேற்றும் இடத்தில் முடிந்துவிடுகிறது. இச்சொற்பொழிவு நிறுவ முயல்வது இதைத்தான்.

வில்லின் நீட்சி அதன் விசைக்கு நேர்விகிதம் என்பதை ராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டு, 1678-இல் விடையைச் சொன்னார். அந்த நேர்விகிதத்தை நம்பித்தான் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து வில் தராசுகள் வந்தன. நீட்சியைக் கண்ணால் பார்க்காமல் மின்தடை மாற்றமாகப் படிக்கும் வழிக்கு 1856-இல் கெல்வின் அடித்தளம் இட்டார்: இழுக்கப்பட்ட கம்பியின் மின்தடை மாறுகிறது என்று காட்டினார். அது கருவியாக மாற எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1938 வாக்கில், கலிபோர்னியாவில் எட்வர்ட் சிம்மன்ஸும் மாசசூசெட்ஸில் ஆர்தர் ரூகும் ஒருவரையொருவர் அறியாமலே மெல்லிய கம்பியைப் பொருளின் மேற்பரப்பில் ஒட்டும் திரிபுமானியைக் கண்டார்கள். ரூகுக்கு இருந்த சிக்கல் நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தொட்டிகள் எப்படித் தாங்கும் என்பது. இன்று கடைத் தராசு முதல் லாரி எடைமேடை வரை இருக்கும் லோட்செல்கள் பெரும்பாலும் அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுகள்: ஓர் எஃகு அல்லது அலுமினிய உடல், அதன்மேல் ஒட்டிய நான்கு திரிபுமானிகள், அவற்றை இணைக்கும் வீட்ஸ்டன் சமனச்சுற்று.

முழுச் சுமையில் அந்த எஃகு எவ்வளவு நீளும்? வழக்கமான வடிவமைப்பில் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு. ஒரு மீட்டர் நீளம் இருந்தால் ஒரு மில்லிமீட்டர். சட்டமுறை எடையளவுக்கான பன்னாட்டு விதிகளில் சி-3 என்னும் வகுப்பு வணிக எடைமேடைகளில் பரவலாகப் பயன்படுகிறது. அந்த வகுப்பு லோட்செல்லின் மேல் முழுச் சுமையை ஏற்றி அரை மணி நேரம் அப்படியே விட்டால், காட்டும் அளவு 0.0245 விழுக்காட்டுக்கு மேல் நகரக் கூடாது. திரிபுமானியின் நீளம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். அந்த 3 மில்லிமீட்டரில் அரை மணி நேரத்தில் அனுமதிக்கப்படும் கூடுதல் நகர்வு ஏறத்தாழ 0.7 நானோமீட்டர். இரும்பின் படிகத்தில் அடுத்தடுத்த இரண்டு அணுக்களுக்கு இடையிலான தூரம் 0.25 நானோமீட்டர். ஆக, மூன்று அணுக்கள் அடியெடுத்து வைக்கும் தூரம்! ஊர் ஓரத்து எடைமேடையில் தினமும் லாரிகள் ஏறி இறங்கும் உணரியிடம் சட்டம் எதிர்பார்க்கும் ஒழுக்கம் இது.

வெப்பப் பதனம் பற்றிப் பொறியியல் மாணவர்களிடம் பேசினால் முதலில் வரும் பதில் ஒன்று உண்டு: கடினமாக்கிய எஃகு அதிக விறைப்பானது, அதனால் உணரி நன்றாக வேலை செய்கிறது. இது தவறு, பரவலான தவறு. எஃகின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் மென்மையான நிலையிலும் கடினமான நிலையிலும் 200 கிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கும். தணித்த உடனே சற்றுக் குறையும், மிதச் சூட்டில் சற்று மீளும். வித்தியாசம் சில விழுக்காடுதான். அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை உலை மாற்றுவதில்லை. உலை மாற்றுவது வேறொன்றை: சுமையை எடுத்ததும் எஃகு எவ்வளவு உண்மையாகப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்பதை. ஒரே அளவில் வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்றைப் பதப்படுத்தாமலும் மற்றதைப் பதப்படுத்தியும் லோட்செல் செய்தால், முதல் சுமையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவையே காட்டும். வித்தியாசம் சுமையை இறக்கும்போது தெரியும். மறுநாள் காலை இன்னும் தெளிவாகத் தெரியும்.

இதற்கு எதிர்க்கேள்வி ஒன்று எழும். பதப்படுத்திய எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்குவது 1000 மெகாபாஸ்கலுக்கு மேல். லோட்செல்லில் அது சுமப்பதோ 200 மெகாபாஸ்கல். ஐந்து மடங்கு பாதுகாப்பு இருக்கும்போது என்ன கவலை? பாடநூல் சொல்லும் அந்த எல்லை, 0.2 விழுக்காடு நிரந்தரத் திரிபு விழும் இடம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டாயிரம் பங்கு. லோட்செல்லின் தொல்லை தொடங்குவது பத்து லட்சத்தில் 0.2 பங்கிலேயே. பாடநூல் பிடிக்கும் அளவுகோல் நமக்கு வேண்டியதைவிடப் பத்தாயிரம் மடங்கு தடிமனானது. அதனால்தான் துல்லியக் கருவி செய்பவர்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நிரந்தரத் திரிபு விழும் தகைவைத் தனியாக அளந்து, நுண்நெகிழ்வு எல்லை என்று வேறொரு எண்ணை வைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் பாடநூல் எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. அதைத்தான் வெப்பப் பதனம் பெருமளவு ஏற்றி இறக்குகிறது.

மீட்சி என்பது உடனடியாக நிகழ்வதில்லை என்பதை முதலில் கண்டவர் ஜெர்மானிய இயற்பியலாளர் வில்லெல்ம் வேபர். 1835-இல் அவர் காந்தக் கருவிகளைத் தொங்கவிட்ட பட்டு நூல்கள், சுமை ஏற்றிய உடனே நீண்டதோடு நில்லாமல் மெல்ல மெல்ல மேலும் நீண்டன. சுமையை எடுத்தபின் மெல்லவே திரும்பின. நூல் கெடவில்லை, முழுமையாகத் திரும்பியது, ஆனால் நேரம் எடுத்துக்கொண்டது. உலோகத்திலும் இது உண்டு. இரும்பின் படிகத்துக்குள் இடைவெளிகளில் உட்கார்ந்திருக்கும் கரியணுக்கள், இழுவிசை வந்ததும் சற்று வசதியான பக்கத்து இடைவெளிக்குத் தாவுகின்றன என்று பிலிப்ஸ் ஆய்வகத்தின் ஸ்னூக் 1940 வாக்கில் விளக்கினார். 1948-இல் கிளாரன்ஸ் ஜீனர், உலோகங்களின் மீட்சி பற்றிய நூலில் இத்தகைய காலத்தைச் சார்ந்த மீட்சிகளையெல்லாம் ஒரே குடைக்கீழ்க் கொண்டுவந்தார். கரியணு எங்கே உட்கார்ந்திருக்கிறது, தனியாக அலைகிறதா, கார்பைடு துகளாகக் கட்டுண்டு கிடக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்வது உலையின் வெப்பநிலை.

இனி உலைக்குள் போகலாம். லோட்செல்லுக்கு மிகவும் பழகிய எஃகுகளில் ஒன்று 4340. 0.40 விழுக்காடு கரி, ஏறத்தாழ 1.8 நிக்கல், 0.8 குரோமியம், 0.25 மாலிப்டினம். நம்மூர்ப் பட்டறைகளில் ஈ.என். 24 என்று கேட்டு வாங்குவது இதற்கு மிக நெருங்கிய உறவு. இதை 830 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் ஆஸ்டெனைட் என்னும் படிக வடிவம் முழுமை பெறுகிறது. கரி முழுதும் அதில் கரைந்துவிடுகிறது. எண்ணெயில் தணித்ததும் கரிக்கு வெளியேற நேரமில்லை. படிகம் நெரிந்து மார்ட்டென்சைட் ஆகிறது. கண்ணாடிபோல் கடினம், கண்ணாடிபோலவே உடையக்கூடியது. கிராமத்துக் கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் வைக்கும்போது நிகழ்வதும் இதே மாற்றம்தான்.

தணித்த நிலையிலேயே உணரி செய்தால் என்ன ஆகும்? உள்ளே ஏராளமான தகைவு அடைபட்டிருக்கிறது. படிகக் குறைகள் கட்டுண்டு இல்லாமல் சிறு சுமைக்கே நகர்கின்றன. எனவே மிதச் சூட்டில் பதமாக்கும் டெம்பரிங் அவசியம். 200 டிகிரிக்குள் மிக நுண்ணிய கார்பைடுகள் பிறக்கின்றன. 250-க்கு மேல் சிமென்டைட் உருவாகத் தொடங்குகிறது. அந்தத் துகள்கள் படிகக் குறைகளை முளையடித்தாற்போல் நிறுத்திவிடுகின்றன. 260 முதல் 370 டிகிரி வரை எஃகு நொறுங்கும் குணம் பெறும் ஓர் அபாயப் பட்டை இருப்பதால், அதைத் தாண்டி 400-க்கு மேல் போவது வழக்கம். இன்னும் ஏற்றினால் துகள்கள் பருத்து, எண்ணிக்கை குறைந்து, பிடிப்பு தளர்கிறது. மிகக் கடினமும் கூடாது, மிக மென்மையும் கூடாது; நடுவில் ராக்வெல் சி அளவுகோலில் 40-களின் முதற்பாதியில் பெரும்பாலோர் நிற்கிறார்கள். சுமை ஏறும்போது காட்டும் அளவுக்கும் இறங்கும்போது காட்டும் அளவுக்கும் உள்ள வேறுபாடு, அதாவது தயக்கம், அங்கேதான் அடங்குகிறது.

இதில் ஒளிந்திருக்கும் எதிரி, மாறாமல் மிஞ்சிய ஆஸ்டெனைட். தணிக்கும்போது எல்லாமே மார்ட்டென்சைட் ஆகிவிடுவதில்லை. சில விழுக்காடு பழைய வடிவத்திலேயே தங்கிவிடும். அது அறை வெப்பநிலையிலும், மாதக் கணக்கில், சிறிது சிறிதாக மாறிக்கொண்டிருக்கும். மாறும் பகுதியின் கன அளவு ஏறத்தாழ 4 விழுக்காடு பெருக்கிறது. உடலில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் மாறினால்கூட, நீளத்தில் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல் வளர்ச்சி. சி-3 லோட்செல்லின் முழுப் பிழை வரம்பே பத்து லட்சத்தில் 0.35 பங்கு என்பதோடு இதை ஒப்பிட்டால் ஆபத்து விளங்கும். நான்கு திரிபுமானிகளும் ஒரே அளவு வளர்ச்சியைக் கண்டால் சமனச்சுற்று அதைக் கழித்துவிடும். ஆனால் தணிப்பு ஒருபோதும் சீராக நிகழ்வதில்லை. தடித்த பகுதி மெல்லக் குளிர்கிறது, மெல்லிய பகுதி விரைந்து குளிர்கிறது. அதனால் கழிபடாத மிச்சம், சுமையே இல்லாத தராசில் பூச்சியம் நகர்வதாகத் தெரிகிறது. அளவுக்கட்டைகள் செய்வோர் நூறாண்டுக்கு மேலாகப் போராடிவரும் பகைதான் இது. பரிகாரமும் அவர்களிடமிருந்தே வந்தது: தணித்தபின் தாமதிக்காமல் சுழியத்துக்குக் கீழே குளிர்விப்பது. உலர்பனியில் கழித்து 80 டிகிரி, திரவ நைட்ரஜனில் கழித்து 196 டிகிரி. தாமதித்தால் மிஞ்சிய ஆஸ்டெனைட் நிலைபெற்றுவிடும். பிறகு குளிர் ஏறாது.

துருப்பிடிக்கும் இடங்களுக்கு 17-4 பி.எச். என்னும் எஃகு. குரோமியம், நிக்கல், செம்பு கலந்தது. இதன் கடினம் கரியால் வருவதில்லை. நுண்ணிய செம்புத் துகள்கள் படிகத்துக்குள் பிரிந்து நிற்பதால் வருகிறது. 1040 டிகிரியில் கரைத்து, 32 டிகிரிக்குக் கீழே குளிரவிட்டு, பிறகு 482 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் மிக உயர்ந்த வலிமை. அந்த 32 டிகிரியைச் சற்றே கவனிக்க வேண்டும். மார்ட்டென்சைட் மாற்றம் முழுமை பெறும் எல்லை அது. கோடையில் பட்டறைக்குள் வெப்பநிலை 38, 40 என்று நிற்கும் ஊர்களில், காற்றில் ஆறவிட்டோம் என்று நினைத்து அடுத்த உலைக்கு அனுப்பும் துண்டு உண்மையில் முழுமையாக மாறாத துண்டாக இருக்கலாம். ஐரோப்பியப் பட்டறைக்குத் தானாகவே கிடைப்பதை நம் பட்டறை முயன்று செய்ய வேண்டியிருக்கிறது. இந்த எஃகு 482 டிகிரிப் பதத்தில் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவில் சுருங்கவும் செய்யும். முன்பே துல்லியமாகக் கடைந்து வைத்தவர்கள் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

பதப்படுத்தி முடித்தபின்னும் அபாயம் தீர்வதில்லை. திரிபுமானி ஒட்டப்படுவது எஃகின் மேல்தோலில். உலையின் காற்று கட்டுப்படுத்தப்படாவிட்டால் மேல்தோலில் உள்ள கரி எரிந்து போகும். உள்ளே கடினம், தோலில் மென்மை. வளையும் உடலில் தகைவு மிக அதிகமாக இருப்பதும் தோலில்தான். மிகப் பலவீனமான இடத்தில் மிகப் பெரிய சுமை, அதன்மேல் அளவுகோல். சாணை பிடிக்கும்போது தோல் சுட்டுப் பதம் இறங்குவதும் இதே கேட்டைச் செய்யும். திரிபுமானியை ஒட்டும் எப்பாக்சிப் பசையையும் 175 டிகிரி அளவில் மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். எஃகை அதற்கு நெருங்கிய வெப்பநிலையில் டெம்பர் செய்திருந்தால், பசை வேகும்போது எஃகும் மறுபடி ஒருமுறை மாறும். எனவே எஃகு இனிச் சந்திக்கப்போகும் எல்லா வெப்பநிலைகளையும் உலையிலேயே முன்கூட்டிச் சந்தித்து முடித்திருக்க வேண்டும்.

இத்துறையின் நுட்பமான கைவண்ணம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சுமை நிற்க நிற்க எஃகு மெல்ல மேலும் நீளும். இதைத் தவழ்வு என்கிறோம். திரிபுமானியை ஏந்தும் பசையும் பிளாஸ்டிக் படலமும் அதே நேரத்தில் மெல்லத் தளர்ந்து, அளவைக் குறைத்துக் காட்டும். ஒன்று கூட்டுகிறது, மற்றது குறைக்கிறது. திரிபுமானிக்குள் உலோகக் கோடுகள் பாம்புபோல் வளைந்து திரும்பும் முனைகள் உண்டு. அந்த முனையை நீட்டினால் தளர்ச்சி குறையும், குறுக்கினால் கூடும். எனவே திரிபுமானி செய்பவர்கள் ஒரே மானியைப் பல முனை நீளங்களில் விற்கிறார்கள். லோட்செல் செய்பவர் தம் எஃகின் தவழ்வை அளந்து, அதை அப்படியே ரத்து செய்யும் முனையைத் தேர்ந்துகொள்கிறார். மூன்று அணு தூரத்துக்குள் நிற்கும் அந்த அற்புதம் இப்படித்தான் சாத்தியமாகிறது. எஃகை அப்பழுக்கில்லாமல் செய்ய முடியாது. ஆனால் அதன் குறையை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்ய முடியும். அடுத்த மாதம் வரும் உலைத்தொகுதி 20 டிகிரி வேறு வெப்பநிலையில் டெம்பர் ஆகியிருந்தால், அதே முனை அந்த எஃகுக்குப் பொருந்தாது. தொகுதி முழுவதும் சோதனையில் தோற்கும். காரணத்தை மின்சுற்றில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வெப்பநிலைக்கு வந்தால், எஃகின் விறைப்பு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.027 விழுக்காடு குறைகிறது. விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் எடைமேடையின் எஃகு 20 டிகிரி சூடேறினால், திருத்தம் ஏதும் இல்லாத நிலையில் 20 டன் கரும்பு ஏறத்தாழ 100 கிலோ அதிகமாகக் காட்டும். நிக்கல் கலந்த சிறு மின்தடையைச் சுற்றில் சேர்த்து இதைச் சரிக்கட்டுகிறார்கள். வெப்பநிலையைப் பின்பற்றி ஒழுங்காக மாறும் பிழை என்பதால் சரிக்கட்ட முடிகிறது. வேரிலேயே தீர்க்க முயன்றவர் சுவிட்சர்லாந்தின் கடிகாரக் குடும்பத்தில் பிறந்த சார்ல் எதுவார் கியோம். பாரிஸை அடுத்த செவ்ரில் உள்ள பன்னாட்டு எடையளவு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், வெப்பத்தால் விறைப்பு மாறாத எலின்வார் என்னும் இரும்பு–நிக்கல்–குரோமியக் கலவையைக் கண்டார். எஃகுச் சுருள்வில்லும் பித்தளைச் சக்கரமும் கொண்ட கடிகாரம் ஒரு டிகிரி சூட்டுக்கு நாளொன்றுக்கு 11 நொடி அளவில் பின்தங்கும். அந்த நோய்க்கு மருந்து கிடைத்தது. நிக்கல் எஃகுகளின் விசித்திரக் குணங்களைக் கண்டதற்காக 1920-இன் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு. எலின்வாரின் வாரிசான நி-ஸ்பான்-சி கலவையில் இன்னொரு வியப்பு உண்டு. அதன் விறைப்பு வெப்பத்தோடு கூடுமா, குறையுமா, அசையாமல் நிற்குமா என்பதையே குளிர்நிலை உருட்டலும் பதப்படுத்தும் உலையின் வெப்பநிலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

மென்பொருள் எல்லாவற்றையும் திருத்திவிடும் என்ற நம்பிக்கை இன்று பரவியிருக்கிறது. நேர்கோட்டிலிருந்து விலகும் பிழையை அது திருத்தும். வெப்பநிலைப் பிழையையும் திருத்தும். தவழ்வுக்குக்கூடக் கணிதத் திருத்தம் வைத்த இலக்கமுறை லோட்செல்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு செல்லும் ஒரே விதமாகத் தவழ்ந்தால் அது பலிக்கும். ஆனால் எஃகு இப்போது காட்டும் அளவு, நேற்று அது எதைச் சுமந்தது என்பதைப் பொறுத்திருந்தால், அந்த முழு வரலாறும் தெரியாத மென்பொருள் என்ன செய்யும்? உள்ளே ஆஸ்டெனைட் எப்போது எந்த மூலையில் மாறும் என்பதை எந்தச் சூத்திரமும் முன்கூட்டிச் சொல்லாது.

எடைமேடையில் நிற்பது கரும்பு விவசாயியின் ஓராண்டு உழைப்பு. அவருக்கு மார்ட்டென்சைட் தெரிய வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள் கருவி செய்பவர்களும் வாங்குபவர்களும் சோதிப்பவர்களும். இந்த அவையில் அமர்ந்திருக்கும் பொறியியல் மாணவர்கள் நாளை அந்த மூன்று இடங்களில் ஏதாவதொன்றில் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: லோட்செல்லின் அளவுத்திருத்தச் சான்றிதழோடு, அந்த எஃகின் வார்ப்பு எண்ணையும், உலையின் வெப்பநிலைப் பதிவையும், தணிப்புக்கும் டெம்பரிங்குக்கும் இடையே கழிந்த நேரத்தையும், திரிபுமானி ஒட்டிய இடத்தில் அளந்த கடினத்தையும் கேளுங்கள். இந்த நான்கையும் தர முடியாத தொகுதியை ஏற்காதீர்கள்.